வாசல் முதல் வாசல் வரை

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம். இந்த ஊர்களில் குடியிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கோ மாம்பலத்துக் கடைக்கோ வேலைக்குப் போகிற ஒருவருடைய காலைப் பயணத்தில் ரயிலில் கழிவது அரைமணி நேரம்தான். ரயிலுக்கு முன்னால் நாலைந்து கிலோமீட்டர் இருக்கிறது. இறங்கிய பிறகு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. காசும் நேரமும் கரைவது அந்த இரண்டு முனைகளில்தான். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்ரயில் கட்டணம் 5 ரூபாய். நிலையத்துக்கு வந்துசேர ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பயணத்தில் மலிவான பகுதி ரயில். விலை கூடிய பகுதி, ரயில் எட்டாத அந்தக் கொஞ்ச தூரம்.

அந்தக் கொஞ்ச தூரத்துக்கு சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. ஐந்து கிலோமீட்டரை இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மிதித்துவிடலாம். பெட்ரோல் வேண்டாம், உரிமம் வேண்டாம், ஷேர் ஆட்டோவில் ஆள் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு நடைமேடைக்கு வந்ததும் அதன் கதை மாறிவிடுகிறது. சாலையில் வாகனமாக வந்தது, ரயில்வேயின் கண்ணுக்குச் சரக்காகத் தெரிகிறது.

ரயில்வேயின் சாமான் விதிகள் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பயணி தன்னோடு உள்ளே கொண்டுபோகும் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று ஓர் எல்லை. அதைத் தாண்டியது பிரேக் வேனில் போக வேண்டும். வகுப்புக்குத் தக்கபடி இத்தனை கிலோ வரை கட்டணமில்லை என்ற சலுகை உண்டு. சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் அந்தச் சலுகை கிடையாது. பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, சாக்கும் வைக்கோலும் சுற்றி, பெயரும் ஊரும் எழுதி ஒப்படைக்க வேண்டும். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ மாற்றலாகிப் போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. வீட்டுச் சாமானோடு சைக்கிளும் பத்திரமாகப் போய்ச் சேரும். எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் ஊர் மாறியிருக்கின்றன.

இந்த விதி எழுதப்பட்ட மனநிலை நெடுந்தூரப் பயணத்துடையது. வாழ்க்கையில் எப்போதோ ஒரு தடவை மூட்டை முடிச்சோடு போகிற பயணம் அது. அங்கே சைக்கிள் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள். தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் நிலைமையே வேறு. அங்கே பிரேக் வேன் என்ற ஒன்றே இல்லை. பதிவு செய்து ஒப்படைக்கும் சாமானுக்கு அந்த வண்டியில் இடமும் இல்லை, அதை ஏற்றி இறக்கும் அளவுக்கு வண்டி எந்த நிலையத்திலும் நிற்பதும் இல்லை. சைக்கிளை பிரேக் வேனுக்கு அனுப்பு என்று சொல்லும் விதி, பிரேக் வேன் இல்லாத வண்டிக்கு வந்தால் என்ன பொருள்? சைக்கிள் வேண்டாம் என்பதுதான் பொருள். அப்படி யாரும் யோசித்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை. வேறொரு பயணத்துக்காகப் போட்ட விதி, கேள்வி கேட்பாரின்றி இந்தப் பயணத்தின் மேலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைச் சொல்லும்போதே காலை எட்டரை மணி வண்டியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நினைக்காமல் பேசுவது நேர்மையாகாது. செங்கல்பட்டிலிருந்தே நிரம்பி வருகிற வண்டி அது. கூடுவாஞ்சேரியில் ஒரு கூட்டம், ஊரப்பாக்கத்தில் ஒரு கூட்டம், பெருங்களத்தூரில் ஒரு கூட்டம் ஏறி, தாம்பரம் வரும்போது கதவோரத்தில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும். மும்பையின் புறநகர் ரயில்களில் உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்பதாக ரயில்வே வட்டாரங்களே கணக்குச் சொல்கின்றன. நிறுத்திவைத்த ஒரு சைக்கிளுக்கு வேண்டிய தரை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அந்த நெரிசலில் ஒரு சைக்கிள் ஏறினால் அத்தனை பேர் நடைமேடையில் நிற்க வேண்டும், அல்லது படியில் தொங்க வேண்டும். படியில் தொங்குவதன் விலை தென்சென்னைக்குத் தெரியும். 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கி வந்தவர்கள் நடைமேடையையொட்டிய கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பிய பிள்ளைகள் வீடு திரும்பாத காலை அது. அந்தக் காலையை மறந்துவிட்டு, சைக்கிளுக்கு இடம் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த எட்டரை மணி வண்டிதான் நாள் முழுவதும் ஓடுகிறதா? பதினொரு மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பும் வண்டியில் ஏறிப் பாருங்கள். இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் முழுப் பெட்டியில் பத்துப் பேர் இருப்பார்கள். முன்பெல்லாம் காலையில் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி வரும் வண்டிகளும் காற்றோட்டமாகவே வரும். இப்போது பொத்தேரிக் கல்லூரி மாணவர்களும் பரனூர் மகிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவற்றை நிரப்பிவிடுகிறார்கள். நெரிசல் இடம் மாறுகிறது, நேரம் மாறுகிறது. விதி மட்டும் மாறாமல் இருக்கிறது. நெரிசல் நேரத்தின் குணம். அதை ஒரு பொருளின் குற்றமாக எழுதிவைத்தால், நெரிசல் இல்லாத நேரத்திலும் அந்தப் பொருள் தண்டனை அனுபவிக்கிறது.

உலகத்தின் பெருநகரங்கள் பல இதை நேரத்தால்தான் தீர்த்துக்கொண்டன. லண்டனில் மடக்க முடியாத சைக்கிளோடு சில தடங்களில் மட்டும், அதுவும் காலை 7.30 முதல் 9.30 வரையிலும் மாலை 4 முதல் 7 வரையிலும் தவிர்த்த நேரத்தில், பாதாள ரயிலில் ஏறலாம். கோபன்ஹேகன் ஒரு படி மேலே போனது. அங்கே புறநகர் ரயிலில் சைக்கிளுக்கு இருந்த தனிக் கட்டணத்தை 2010-ல் நீக்கிவிட்டார்கள். சில பெட்டிகளில் இருக்கைகளைக் குறைத்து சைக்கிள் நிறுத்த இடம் அமைத்தார்கள். அப்படித் தாராளமாக இருந்தவர்களும், மிக நெரிசலான நோரபோர்ட் நிலையத்தில் உச்ச நேரத்தில் சைக்கிளோடு ஏறவும் இறங்கவும் தடை வைத்திருந்தார்கள். தாராளமும் கண்டிப்பும் ஒரே விதிக்குள் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவிலும் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருக்கிறது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் ஆறு நிலையங்களில் மட்டும் சைக்கிளோடு ஏறலாம் என்று ஆரம்பித்து, பிறகு மற்ற நிலையங்களுக்கும் விரித்தது. மும்பையின் புதிய மெட்ரோ தடங்களில் 2022-ல் சைக்கிள் நிறுத்தும் தாங்கிகளோடேயே பெட்டிகள் வந்தன. பெங்களூரு அதே ஆண்டில் மடக்கு சைக்கிளுக்கு அனுமதி தந்தது. மடித்தால் குறிப்பிட்ட அளவுக்குள் அடங்க வேண்டும், எடை 15 கிலோவைத் தாண்டக் கூடாது.

பெங்களூரின் அனுமதியை வரவேற்கத்தான் வேண்டும். ஆனாலும் மனம் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்கிறது. மடக்கு சைக்கிள் சாதாரண சைக்கிளைவிட விலை கூடியது. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் வேறு வண்டியும் வைத்திருப்பவர். சைக்கிளைத் தவிர வேறு வழியில்லாதவர் ஓட்டுவது கேரியரும் ஸ்டாண்டும் உள்ள கனமான பழைய சைக்கிள். இரவுக் காவலர், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் என்று அப்படி ஓட்டுகிறவர்கள் நம் கண் முன்னே தினமும் போகிறார்கள். அவர்கள் சைக்கிள் மடங்காது. அனுமதி கொடுக்கும்போதும் ஒரு விதி தனக்குப் பழக்கமானவர்களுக்கே அனுமதி கொடுத்துவிடக்கூடும்.

நெதர்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிளுக்குப் பேர்போன அந்த நாட்டில் உச்ச நேர ரயிலில் சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது. அவர்கள் சைக்கிளை ரயிலில் ஏற்றுவதைவிட, ரயிலின் இரு முனையிலும் சைக்கிளை நிறுத்துவதில் பணத்தைப் போட்டார்கள். யூட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் மூன்றடுக்கு நிலையம் 2019-ல் முழுமையடைந்தது. இறங்கும் நிலையத்தில் அன்றைக்கு மட்டும் எடுத்து ஓட்ட வாடகை சைக்கிளும் கிடைக்கும். நம் நெரிசலுக்கு இந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். தாம்பரத்தில் ஒரு சைக்கிளை விட்டுவிட்டு, கிண்டியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டால், எட்டரை மணி வண்டியில் யாருடைய ஒரு சதுர மீட்டரும் பறிபோகாது.

நம்மிடம் இருப்பது பாதிதான். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் வண்டி நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை சைக்கிள் ஸ்டாண்டு என்றே சொல்வோம். வரிசை வரிசையாக சைக்கிள்தான் நிற்கும். இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்க, சைக்கிள்கள் ஏதோ ஒரு மூலையில், மழை நனைக்கும் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. இறங்குகிற பக்கத்தில் இதுகூடக் கிடையாது. கிண்டியில் இறங்கித் தொழிற்பேட்டைக்குள் போகிறவருக்குக் கால் நடைதான், அல்லது மறுபடி ஷேர் ஆட்டோதான். 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அது. எத்தனையோ தலைமுறைத் தொழிலாளிகள் அந்த நிலையத்திலிருந்து அந்தச் சாலைகளுக்கு நடந்தே போயிருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால், 1931-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில்தான் மதராஸ் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தெற்கே இருந்த ஏரிக்கரைக் கிராமங்கள் குடியிருப்புகளாகத் தொடங்கின. 1937-ல் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. இங்கே குடியிரு, அங்கே வேலை செய், நடுவிலுள்ள தூரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அந்த ரயில் இந்த ஊர்களுக்குக் கொடுத்த வாக்கு. அன்றைக்கு வீடுகள் நிலையத்தைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருந்தன. வாக்கு காப்பாற்றப்பட்டது. பிறகு ஊர் விரிந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை ஏற ஏற, குறைந்த சம்பளக்காரர்கள் முடிச்சூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் அகரம்தென்னுக்கும் நகர்ந்தார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் மின்ரயில் நின்று அகலப்பாதை வந்தது. பெட்டிகள் அகன்றன. 2025 ஏப்ரல் 19 முதல் இந்தத் தடத்தில் கதவு தானாக மூடும் குளிர்சாதன மின்ரயிலும் ஓடுகிறது. ரயில் தன்னை எத்தனையோ தடவை மாற்றிக்கொண்டது. தன் பொறுப்பு நடைமேடையில் தொடங்கி நடைமேடையில் முடிகிறது என்ற எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

நிலையத்துக்கு வெளியே உள்ள ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. உள்சாலைகள் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியுடையவை. நடைமேடை ரயில்வேயுடையது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. அது அந்த மாநகராட்சியின் எல்லையோடு நின்றது. சைக்கிளில் வருகிறவர் இருநூறு மீட்டருக்குள் மூன்று ஆட்சிகளைக் கடக்கிறார். ஒவ்வொன்றும் தன் பகுதியில் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்ததிடம் விட்டுவிடுகிறது. அவருடைய பயணத்தை முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலி இதில் ஒரு நல்ல அடி. பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் மின்ரயிலுக்கும் ஒரே பயணச்சீட்டு. பயணம் துண்டு துண்டானது இல்லை, ஒன்றே என்று அரசு ஒப்புக்கொண்ட முதல் கையெழுத்தாக நான் அதைப் பார்க்கிறேன். அந்த ஒப்புதல் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் தொடங்குகிற பயணத்தை அது அறியும். வீட்டு வாசலில் ஒரு பெண் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும்போது தொடங்குகிற பயணத்தை இன்னும் அறியாது.

அந்தப் பெண்ணின் சைக்கிள் பெரும்பாலும் அரசு கொடுத்ததுதான். 2001-ல் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்குமாக விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம், தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்திருக்கிறது. பதினாறு வயதில் கையில் ஹேண்டில்பாரைப் பிடித்தவள், யாரிடமும் துணை கேட்காமல் நாலு ஊர் தாண்டப் பழகியவள், பத்தொன்பது வயதில் வேலைக்கென்று தாம்பரம் நிலையத்துக்கு வருகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கொண்டுபோன சைக்கிள் வேலைக்குக் கொண்டுபோக முடியாமல் நிலைய வாசலில் நின்றுவிடுகிறது. சில மாதங்களில் அது வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். அவள் சம்பளத்தில் ஒரு பங்கு ஷேர் ஆட்டோவுக்குப் போகத் தொடங்கும். ஓர் அரசு கொடுத்த சுதந்திரத்தை இன்னோர் அலுவலகத்தின் மௌனம் வாங்கிக்கொள்கிறது.

இத்தனைக்கும் ரயில்வேக்கு இது புரியாத விஷயம் இல்லை. மின்ரயிலில் வெண்டார் பெட்டி இருக்கிறது. கீரைக் கட்டு, பூக்கூடை, கொய்யாப்பழ மூட்டை, மீன் அன்னக்கூடை எல்லாம் அதில்தான் வரும். ஈரமும் வாசனையும் பேச்சும் நிறைந்த பெட்டி. ஏறும்போது ஒருவர் கூடையை இன்னொருவர் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூடைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு சைக்கிளும் சாய்ந்து நிற்கும். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இந்தப் பெட்டியை ஒதுக்கிய அதிகாரி யாரோ, ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். கூடையை இறக்கிவைத்துவிட்டு வா என்று கீரைக்காரம்மாவிடம் சொல்ல முடியாது. கூடை இல்லாமல் அவர் ரயிலில் வருவதற்குக் காரணமே இல்லை.

மகளிர் பெட்டியும் அப்படி வந்ததுதான். பெண்களுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே இருந்தது. இன்றைக்குள்ள 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 58-ஆவது பிரிவு. இடம் மிச்சம் இருந்ததால் ஒதுக்கவில்லை. ஒதுக்காவிட்டால் பாதிப் பேர் பயணமே செய்ய முடியாது என்பதால் ஒதுக்கினார்கள். ரயிலில் இடம் தானாக இருப்பதில்லை. யாரை மனத்தில் வைத்துப் பெட்டியை வரைகிறோமோ அவர்களுக்கு இடம் உண்டாகிறது.

வெண்டார் பெட்டியில் நின்று பார்க்கும்போது இது இன்னும் ஆழமாகப் புரிகிறது. வெறும் உடம்பாக யாரும் பயணம் செய்வதில்லை. ஒருவர் கையில் சாப்பாட்டுப் பை, ஒருவர் இடுப்பில் குழந்தை, ஒருவர் தோளில் கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டும், ஒருவர் அக்குளில் ஊன்றுகோல். நாம் சுமந்து போவதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. பயணியையும் அவர் கையில் இருப்பதையும் தனித்தனியாகப் பிரித்து, இது பயணி, இது சரக்கு என்று எழுதும் விதி, மனிதரைப் பாதிதான் பார்க்கிறது. மிச்சப் பாதியை அவரே நிலைய வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்கிறது. வசதி உள்ளவர் கழற்றி வைக்கலாம். இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு டாக்சி என்று அவருக்குப் பயணம் முழுதாகவே இருக்கும். இரண்டாவது வண்டி இல்லாதவருடைய பயணம்தான் துண்டாகிறது. எல்லோருக்கும் பொதுவாக எழுதியதுபோலத் தெரிகிற விதி, ஒரு சிலரின் பயணத்தை மட்டும் அறுக்கிறது. சைக்கிளைப் பற்றிய விதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, யாருடைய நாள் முழுமையானது என்று தீர்மானிக்கும் விதி.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் பெருங்களத்தூரும் அதன் வழியில் இருக்கின்றன. அந்த நிலையங்களின் வரைபடத்தில் கூரையுள்ள சைக்கிள் நிறுத்துமிடத்தை இப்போதே எழுதிவிடலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்படி படிக்கட்டின் ஓரத்தில் ஒரு சாய்வுத் தடம் வைக்கலாம். தூணெல்லாம் எழுந்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள், அப்போது உண்மையிலேயே இருக்காது.

மின்ரயிலுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கிண்டியிலும் மாம்பலத்திலும் வாடகை சைக்கிளுக்கும் மாதச் சீட்டு சைக்கிளுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கினால் காலை நெரிசல்காரர்களின் பாதிக் கவலை தீரும். நெரிசல் இல்லாத நேரத்துக்கு, காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும், வெண்டார் பெட்டியில் சைக்கிள் ஏறலாம் என்று தாம்பரம் – கடற்கரைத் தடத்தில் மட்டும் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம். கொச்சி ஆறு நிலையங்களில் ஆரம்பித்ததுபோல இங்கே தாம்பரம், பல்லாவரம், கிண்டி, மாம்பலம், எழும்பூர், கடற்கரை என்று ஆறு நிலையங்கள் போதும். புதிய பெட்டி செய்ய வேண்டாம், புதிய தண்டவாளம் போட வேண்டாம். கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்தால், அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணி வண்டியிலேயே தொடங்கலாம்.